பாதையைக் கூறு போடாதீர்

ஒரு புகையிரதப் பாதை மூடப்பட்டது என்று செய்தி வந்தால், வண்டி நின்றுபோனதை எண்ணியே நாம் வருந்துகின்றோம். வண்டி ஓடிய நிலம் என்னவாகும் என்று எவரும் கேட்பதில்லை. நானும் கேட்டதில்லை. சென்ற ஆண்டுக் கோடையில், இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையிலுள்ள கோண்வால் நாட்டிலே, எட்டு வயதுப் பேத்தி தொடுத்த வினாவொன்றே அதனைச் சிந்திக்க வைத்தது.

மகளின் குடும்பத்தோடு விடுமுறைக்குச் சென்றிருந்தேன். கமெல் நதி கடலோடு கலக்குமிடத்தில் பட்ஸ்ரோ என்றொரு சிறு துறைமுகம் இருக்கின்றது. அங்கிருந்து வேட்பிரிட்ஜ் நகர்வரை, கழிமுகத்தின் கரையை ஒட்டி ஐந்தரை மைல் தூரத்துக்கு ஒரு பாதை செல்கின்றது. மோட்டார் வண்டிகளுக்கு அங்கே இடமில்லை. நடப்போரும் துவிச்சக்கர வண்டியில் செல்வோருமே அதற்கு உரியவர்கள். வாடகைக்கு வண்டிகள் எடுத்தோம். மருமகன் தம் வண்டியின் பின்னே ஓர் இழுவைப் பெட்டியைப் பூட்டி, மூன்று வயதுப் பேரனை அதில் இருத்தினார். பேத்திக்கு அவளுயரத்துக்கு ஏற்றதொரு வண்டி கிடைத்தது. இருபது ஆண்டுகளாக மிதித்தறியாத கால்களோடு நானும் புறப்பட்டேன்.

வற்று நேரம். ஒருபுறம் ஈரமணலும் சேறும் வெயிலில் மின்ன, வெண்கொக்குகள் இரை தேடி நின்றன. மறுபுறம் வெட்டி விடப்பட்ட பாறைச் சுவர். நதியில் வந்து சேரும் ஓடையொன்றை இரும்புப் பாலத்தின்மீது கடந்தபோது பேத்தி திரும்பிப் பார்த்துக் கேட்டாள்: “அம்மப்பா, ஊரெல்லாம் மேடும் பள்ளமுமாய்க் கிடக்கிறதே, இங்கே மட்டும் ஏன் ஏற்றமே இல்லை?”

ஆசிரியத் தொழில் பார்த்தவனுக்கு இதைவிட இனிய கேள்வி வேறேது? வண்டியை நிறுத்தி விளக்கினேன். இரும்புச் சில்லு இரும்புத் தண்டவாளத்தில் இலகுவாக உருளும். ஆனால் இறுகப் பற்றாது. ஆதலால் பாரமிழுக்கும் புகையிரதத்தால் செங்குத்தான ஏற்றத்தில் ஏற முடியாது. அதற்காகவே பொறியியலாளர் மேட்டை வெட்டினர், பள்ளத்தை நிரப்பினர், ஓடைக்குப் பாலமிட்டனர். இயந்திரத்தின் இயலாமைக்காக அன்று ஆயிரம் கைகள் நிரவிய நிலம் இன்று சிறுமியின் காலுக்கும் கிழவனின் மூச்சுக்கும் துணை செய்கின்றது.

இப்பாதையின் வரலாறும் அறியத்தக்கது. பொட்மின் நகரையும் வேட்பிரிட்ஜையும் இணைத்து 1834ஆம் ஆண்டிலேயே இங்கே புகையிரதப் பாதை திறக்கப்பட்டது. அதன் முதல் நோக்கங்களுள் ஒன்று மணல் ஏற்றுவது. சிப்பி ஓடுகள் நொருங்கிக் கலந்த கடல் மணல், புளித்துப்போன வயல் மண்ணுக்கு உரமாக உள்நாட்டுக்குச் சென்றது. பட்ஸ்ரோவரை பாதை நீண்டது 1899இல். பின்னர் இலண்டன் வாட்டர்லூ நிலையத்திலிருந்து ‘அத்திலாந்திக் கரைக் கடுகதி’ என்னும் வண்டி விடுமுறைக் கூட்டத்தை இக்கடலோரம்வரை சுமந்து வந்தது. அரசவைக் கவிஞராக விளங்கிய ஜோன் பெற்ஜமன் இந்தப் பயணத்தில் நெஞ்சைப் பறிகொடுத்தவர். 1984இல் மறைந்த அவர், இக்கழிமுகத்தின் எதிர்க்கரையிலுள்ள தேவாலய முற்றத்திலேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கின்றார்.

1963இல் வெளியான பீச்சிங் அறிக்கை, பிரித்தானியாவில் ஏறத்தாழ 5,000 மைல் புகையிரதப் பாதையையும் 2,000க்கும் மேற்பட்ட நிலையங்களையும் மூடுமாறு பரிந்துரைத்தது. 1967 சனவரியோடு பட்ஸ்ரோவுக்குப் பயணிகள் வண்டி நின்றது. வெண்களிமண் ஏற்றிய வண்டிகள் மட்டும் பள்ளத்தாக்கின் மேற்பகுதியில் 1983வரை ஓடின. நின்றுபோன பாதைகளிற் பல துண்டு துண்டாக விற்கப்பட்டு, வீட்டு வளவுகளாகவும் வயல்களாகவும் வீதிகளாகவும் மறைந்தன. கமெல் நதிப் பாதையோ பெரும்பகுதி தப்பிப் பிழைத்தது. 1980களிலிருந்து பகுதி பகுதியாக மக்களுக்குத் திறக்கப்பட்டு, இன்று ஏறத்தாழ 18 மைல் நீளத்துக்குச் செல்கின்றது.

முழுவதும் பிழைத்ததா? அதுதான் இல்லை. வேட்பிரிட்ஜ் நகருக்குள் பழைய பாதையின் தொடர் அறுந்துவிட்டது. அங்கே தெருக்களினூடாகச் சென்றே மறுமுனையைப் பிடிக்க வேண்டும். அதுவரை பாட்டுப் பாடிக்கொண்டு முன்னே சென்ற பேத்தி, மோட்டார் வண்டிகளைக் கண்டதும் இறங்கித் தாயின் கையைப் பற்றிக்கொண்டாள். நாங்கள் எல்லோரும் இறங்கி வண்டிகளை உருட்டினோம். சில நிமிட நடைதான். ஆயினும் அன்று கற்ற பாடம் அந்த இடத்தில்தான் எனக்குத் தெளிந்தது. பாதையின் பெறுமதி அதன் பரப்பில் இல்லை, தொடர்ச்சியில் இருக்கின்றது. பத்து மைல் நிலத்தில் நூறு அடி போனால், போனது நூறு அடி மட்டுமன்று.

அமெரிக்கர் இதனைச் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கின்றனர். சேவை நின்ற புகையிரதப் பாதையை நடைபாதையாகப் பயன்படுத்தலாம். பின்னொருகால் புகையிரதத்துக்குத் தேவைப்பட்டால் மீட்டுக்கொள்ளலாம். அதுவரை நிலத்தொடர் கலையாது. 1983இல் செய்த திருத்தம் இதற்கு வழி வகுத்தது. ஸ்பெயின் நாடும் 1993 முதல் தன் பழைய பாதைகளைப் ‘பசுமை வழிகள்’ ஆக்கி வருகின்றது.

இவையெல்லாம் செல்வ நாடுகளின் பொழுதுபோக்கு என்று சொல்பவர்க்கு நம்முடைய அனுபவத்தையே நினைவூட்டுவேன். 1990இல் யாழ்ப்பாணத்துக்குப் புகையிரதம் நின்றது. தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டையும் போர்க்காலத்தில் பதுங்குகுழிகளுக்குப் போயின. எஞ்சிய மண்வரம்பில் நாம் நடந்தோம், துவிச்சக்கர வண்டி மிதித்தோம். அது எவரும் வகுத்த திட்டமன்று, வேறு வழியின்மை. ஆனால் நிலம் புகையிரதத்துக்குரிய நிலமாகவே இருந்தது. அதனாலன்றோ 2014 ஒக்டோபரில் யாழ்தேவி பழைய தடத்திலேயே திரும்பி வர முடிந்தது!

மற்றைய பாதைகளுக்கு இந்தப் பேறு வாய்க்கவில்லை. நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இராகலைவரை மலையேறிய சிறுபாதை 1940களில் மூடப்பட்டது. அவிசாவளைக்கு அப்பால் இரத்தினபுரி வழியாக ஓப்பநாயக்காவரை சென்றது 1970களில் நின்றது. அந்நிலங்களில் இன்று குடியிருப்போரை எழுப்பிவிட வேண்டுமென்று நான் கூறவில்லை. வீடற்றவனின் குடிசையைப் பிடுங்கி விளையாட்டுப் பாதை அமைப்பது அறமாகாது. இன்னும் தொடராக எஞ்சியிருப்பதையேனும் இனிக் கூறு போட வேண்டாம் என்பதே என் வேண்டுகோள்.

இதற்கு முதற்படி பெருஞ்செலவன்று. எந்தத் துண்டு எங்கே எஞ்சியுள்ளது, எந்த மதகு உடையாமல் நிற்கின்றது என்பதைக் குறித்துவைக்க வேண்டும். மலையகத்திலும் சப்பிரகமுவவிலும் உள்ள ஆசிரியர்கள் தம் மாணவரோடு ஒரு சனிக்கிழமை நடந்தாலே அதன் ஒரு பகுதி கைக்கு வந்துவிடும். புவியியலும் வரலாறும் கணிதமும் அந்த நடையில் அடங்கும். அவர்கள் வரைந்தனுப்பும் படங்களுக்கு இப்பக்கத்தில் இடமளிக்கக் காத்திருக்கின்றேன்.

அன்று மாலை பட்ஸ்ரோவுக்குத் திரும்பும்போது நதியில் நீர் பெருகியிருந்தது. பேரன் பெட்டிக்குள் உறங்கிவிட்டான். பேத்தி மட்டும் அடுத்த கேள்வியோடு வந்தாள்: “அம்மப்பா, உங்கள் ஊரிலும் இப்படி ஒரு பாதை இருக்கிறதா?” இருந்தது என்று சொல்ல நா எழவில்லை. தேடிப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.