லோன்காரர் நீதிமன்றம் இல்லை



நுண்கடன் கட்ட முடியாத வீடுகளில் பொழுதுபட்ட பிறகும் வசூல்காரர் குந்தியிருக்கினம். காசு தராமல் எழும்ப மாட்டினமாம். அவர் ஒரு கம்பனியின் சம்பளக்காரர், அவ்வளவுதான். உங்கள் தையல் மெசினைத் தூக்க அவருக்கு அதிகாரமில்லை. கம்பனி வழக்குப் போட்டு வென்றால்தான், நீதிமன்றக் கட்டளையோடு பிஸ்கால் வரலாம். (லீசிங் வாகனம் வேறு கதை.) கட்ட வசதியில்லாததற்குப் பொலிஸில் பிடித்துக் கொடுப்பம் என்பதும் வெருட்டல்தான்.

லோன் நாளில் என் வகுப்பில் சில கதிரைகள் வெறுமையாகக் கிடக்கும். "அம்மா இல்லை" என்று சொல்லப் பிள்ளையை வாசலில் நிறுத்தியிருப்பினம். அந்தத் தாயைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

என் கோபம் குழுக்கடனில். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் பொறுப்பு. கம்பனி ஆள் வரமுன்னமே பக்கத்து வீட்டு அக்கா படலையில் நின்று கத்துகிறா, அதுவும் சம்பளமில்லாமல்!

2018இல் வரட்சி மாவட்டப் பெண்களின் ஒரு லட்சம் ரூபா வரையான நிலுவைக் கடன்களுக்கு அரசாங்கம் தள்ளுபடி அறிவித்தது. அதே ஆண்டு இலங்கை வந்த ஐ.நா. நிபுணர் பொஹொஸ்லாவ்ஸ்கி, வசூல்காரர் பெண்களிடம் பாலியல் இலஞ்சம் கேட்பதைப் பகிரங்கமாகச் சொன்னார். 2021இல் ஹிங்குராக்கொடைப் பெண்கள் ஒன்றாகச் சத்தியாக்கிரகம் இருந்தார்கள்.

வாங்கிய கடனைக் கட்டத்தான் வேணும். முடியாதவருக்குத் தவணை கொடுக்கச் சொல்வதும் எங்கள் மார்க்கம்தான். குழுவில் இருக்கிற அக்காமாரே, அடுத்த முறை அவர் வந்தால் நாலு பேராய் அவளோடு இருங்கோ. மிச்சம் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கோ.