போய்விட்டதா பக்கவாதம்?

திடீரென்று ஒரு கை மரத்துப் போகிறது. வாய் குழறுகிறது. சில நிமிடத்தில் சரியாகிவிடுகிறது. இது "குட்டி பக்கவாதம்".

24 மணி நேரத்துக்குள் சரியானால் மூளைக்குச் சேதம் இல்லை என்று டாக்டர்கள் முன்பு கருதினார்கள். எம்.ஆர்.ஐ. காந்தக் கருவி உண்மையைக் காட்டியது. சுமார் மூன்றில் ஒருவருக்கு மூளையில் சேதம் இருந்தது! 2009-ல் அமெரிக்க இருதய சங்கம் அந்த 24 மணிக் கணக்கைக் கைவிட்டது.

ரத்த ஓட்டத்தையும் இந்தக் கருவி அளக்கிறது. 100 கிராம் மூளைக்கு நிமிடத்துக்குச் சுமார் 50 மில்லி ரத்தம் வேண்டும். 20-க்குக் கீழே இறங்கினால் மூளையின் வேலை தடுமாறும். 10-க்குக் கீழே போனால் செல்கள் சாகும். கை கால் சரியான பிறகும், ரத்தம் குறைந்த இடத்தைக் கருவி காட்டிக் கொடுப்பது உண்டு.

பெரிய பக்கவாதம் வரும் ஆபத்து முதல் 2 நாளில்தான் மிக அதிகம். ஆகவே, "சரியாகிவிட்டதே" என்று வீட்டில் இருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.