பழைய வன்தட்டுக்கு ஒரு வாரிசு



உங்கள் வீட்டு மூலையில் பழைய கணினி ஒன்று இருக்கிறதா? மகனோ மகளோ கல்லூரிக்குப் போனபோது சீட்டுப் பணம் எடுத்து வாங்கியதாக இருக்கலாம். இன்று அதை யாரும் பெரிதாகக் கவனிப்பதில்லை. ஆனாலும் அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறதென்று ஒரு நாள் திறந்து பாருங்கள். லயத்து வாசலில் எடுத்த படம், தோட்டத்து மாரியம்மன் கோயில் தீமிதி, தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டி, தாத்தாவின் சிவப்பு அடையாளக் கார்டு, பாட்டியின் பிறப்புப் பத்திர நகல் எல்லாம் அங்கேதான் கிடக்கும். லயத்தை இடித்துச் செம்பனை நட்டாகிவிட்டது. கோயிலும் இடம் மாறிவிட்டது. மிஞ்சியிருப்பவை அந்தப் படங்கள்தாம். அவையும் ஒரே ஒரு வன்தட்டில்!

‘ஹார்ட் டிஸ்க்’ என்று கடைக்காரர் சொல்லும் வன்தட்டுக்குள் பளபளப்பான வட்டத் தகடுகள் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கின்றன. தகட்டைத் தொடாமல், முடியை விட மெல்லிய இடைவெளியில், ஒரு முனை மிதந்தபடி எழுத்தைப் படிக்கிறது. ஓயாமல் ஓடும் எந்த இயந்திரமும் ஒரு நாள் தேயத்தானே செய்யும்? கணினி அடிக்கடி உறைந்து நிற்பதும், கோப்பு திறக்க நெடுநேரம் ஆவதும் முதல் எச்சரிக்கை. ‘டிக் டிக்’ என்று சத்தம் கேட்டால் அது கடைசி எச்சரிக்கை.

இடமும் போதவில்லை, தட்டும் பழசாகிவிட்டது என்றால் பெரிய தட்டு ஒன்றை வாங்கிப் பழையதை அப்படியே அதில் பதிக்கலாம். இதற்குக் ‘குளோனிங்’ என்று பெயர். தோட்டத்து மக்களுக்கு இந்தச் சொல் புதிதல்ல. நன்றாகப் பால் தரும் மரத்தின் மொட்டை எடுத்து நாற்றில் ஒட்டினால், தாய்மரத்தின் குணமெல்லாம் கன்றுக்கு வருகிறது. ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்று நாம் பால் வெட்டிய மரங்கள் அப்படி வந்த குளோன்களே. படங்களை மட்டும் நகலெடுத்தால் படங்கள் மட்டுமே வரும். குளோன் செய்தால் விண்டோஸ், மென்பொருள்கள், கடவுச்சொற்கள் யாவும் இருந்த இடத்திலேயே வந்து அமரும். பழைய தட்டில் வைரஸ் இருந்தால் அதுவும் கூடவே வரும் என்பதையும் மறந்துவிடலாகாது.

இனிச் செய்முறையைப் பார்ப்போம்.

1. ‘டிக் டிக்’ சத்தம் கேட்கும் தட்டை வீட்டில் வைத்து முயலவே கூடாது. உடனே மின்சாரத்தை நிறுத்தி, தகவல் மீட்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் சேதம் கூடும்.

2. சத்தமில்லாத தட்டானாலும், முதலில் படங்களையும் பத்திரங்களையும் வேறொரு ‘பென் டிரைவ்’வில் நகலெடுத்துக் கொள்ளுங்கள்.

3. பழையது 500 ஜி.பி. என்றால் புதியது 1 டி.பி. வாங்கலாம். 2 டி.பி.க்கு மேல் வேண்டுமானால் கடைக்காரரைக் கேளுங்கள். பழைய முறையில் பிரிக்கப்பட்ட தட்டு, அதற்கு மேற்பட்ட இடத்தைக் கணக்கில் எடுக்காது. கையில் வெள்ளி இருந்தால் சுழலும் தகடே இல்லாத எஸ்.எஸ்.டி. வாங்குவது நலம். கணினி வேகமாகும்.

4. புதிய தட்டை யூ.எஸ்.பி. பெட்டியில் போட்டு இணைக்க வேண்டும். மடிக்கணினித் தட்டுக்குச் சிறு பெட்டி போதும். மேசைக் கணினித் தட்டுக்குத் தனி மின்சாரம் உள்ள பெட்டி வேண்டும். ‘குளோன்சில்லா’ இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள். சில தட்டு நிறுவனங்களும் தங்கள் தட்டுக்கென்று இலவச மென்பொருள் தருகின்றன.

5. இதுதான் உயிர்நாடி. எது பழையது, எது புதியது என்று மென்பொருள் கேட்கும். மாற்றிச் சொன்னால் வெற்றுத் தட்டு பழைய தட்டின் மேல் பதிந்து, தாத்தாவின் படம் நிமிடத்தில் அழிந்துவிடும். தட்டின் பெயரையும் அளவையும் தாளில் எழுதி வைத்து, இன்னொருவரையும் பக்கத்தில் உட்கார வைத்து, இருமுறை படித்த பிறகே விசையை அழுத்துங்கள்.

6. 500 ஜி.பி. முழுவதையும் பதிக்கப் பழைய யூ.எஸ்.பி. துளையில் நான்கைந்து மணி நேரம் பிடிக்கலாம். புதிய வகைத் துளையில் ஒன்றரை மணி நேரம் ஆகலாம். மாலை இடி மழை நேரத்தில் தொடங்காதீர்கள். மின்சாரம் போனால் மறுபடியும் முதலிலிருந்துதான்.

7. முடிந்ததும் பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதை மட்டும் மாட்டி ஓட்டிப் பாருங்கள். 1 டி.பி. வாங்கியும் பழைய அளவுதான் தெரிகிறதே என்று கலங்க வேண்டாம். மிச்ச இடம் ஒதுக்கப்படாமல் கிடக்கிறது. விண்டோஸின் ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’ பகுதியில் அதை விரித்துக் கொள்ளலாம். இடையில் வேறொரு சிறு பிரிவு குறுக்கே நின்றால், தெரிந்தவரைக் கொண்டு நகர்த்த வேண்டும்.

இவ்வளவு தொல்லை வேண்டாம் என்று கடையில் கொடுப்பவர்களுக்கு ஒரு சொல்: பழைய தட்டைக் கட்டாயம் திருப்பிக் கேட்டு வாங்குங்கள். அதில் அடையாளக் கார்டும் வங்கிக் கணக்கும் இருக்கின்றன. பிறர் கையில் விடத் தகுமா?

வீட்டுக்கு வந்த பழைய தட்டை உடனே அழித்துவிடவும் வேண்டாம். புதியது சில மாதம் ஒழுங்காக ஓடும் வரை அது இருக்கட்டும். துணியில் சுற்றி, வேறு ஊரிலிருக்கும் அக்காள் வீட்டிலோ தம்பி வீட்டிலோ கொடுத்து வைத்தால் இன்னும் நல்லது. வெள்ளமோ திருடனோ இரண்டு வீட்டுக்கும் ஒரே நாளில் வருவது அரிது.

அடுத்த விடுமுறை நாளில் பிள்ளைகளை அழைத்து அந்தக் கணினியைத் திறக்கச் சொல்லுங்கள். படத்தில் நிற்பவர்கள் யார் யார் என்று அப்போதே பெயர் சொல்லி எழுதியும் வையுங்கள். அதைச் சொல்லத் தெரிந்தவர் வீட்டில் இன்று நீங்கள் ஒருவர்தாம்.