பட்ஜெட்ல துண்டு விழலாம், ஆளு விழக்கூடாது

மூணு மாசத்துல பத்து கிலோ குறைக்கணும். இந்த டார்கெட்டை வச்சது நான் இல்ல, எங்க அத்தை. பொண்ணு வீட்டுக்கு அனுப்ப போட்டோ கொடுத்தப்போ, "தொப்பை தெரியாத மாதிரி வேற போட்டோ இல்லையாடா?"ன்னு கேட்டுட்டாங்க. வந்துச்சே ரோஷம்!

அன்னிக்கு ராத்திரியே நெட்டுல ஒரு 1200 கலோரி டயட் சார்ட்டை சுட்டேன். காலைல ரெண்டு இட்லி, மதியம் ஒரு கப் சாதம், ராத்திரி வெள்ளரிக்காயும் ஒரு முட்டையும். கூடவே வாரம் மூணு நாள் ஜிம். நாலு வாரத்துல நாலரை கிலோ காலி. ஆபீஸ்ல எல்லாரும் "என்ன மச்சி, ஆளே மாறிட்ட"ன்னாங்க. நானும் காலரைத் தூக்கி விட்டுக்கிட்டேன்.

அஞ்சாவது வாரம் ஜிம்ல இருந்து நேரா ஆபீஸ் போனேன். மாடிப்படில கண்ணு இருட்டிக்கிட்டு வந்து உக்காந்துட்டேன். உக்காந்தேன்னு சொல்றது ஒரு கௌரவத்துக்கு. விழுந்தேன். நெத்தில மூணு தையல். அம்மாகிட்ட "பாத்ரூம்ல வழுக்கிடுச்சும்மா"ன்னு சொன்னேன். இன்னிக்கு வரைக்கும் அவங்களுக்கு நிஜம் தெரியாது.

கட்டு போட்டுக்கிட்டு உக்காந்து அப்புறமா கணக்கு போட்டேன். பொட்டி தட்டுறவன் முதல்லயே செஞ்சிருக்க வேண்டிய வேலை.

1990-ல வந்த மிஃப்லின் - செயின்ட் ஜியோர் ஃபார்முலா, ஆம்பளைங்களுக்கு இப்படி: எடையை பத்தால பெருக்கு, உயரத்தை (செ.மீ.) 6.25-ஆல பெருக்கி கூட்டு, வயசை அஞ்சால பெருக்கி கழி, கடைசில 5 சேரு. பொம்பளைங்களுக்கு கடைசி 5-க்கு பதிலா 161-ஐ கழிக்கணும். என் எடை 84, உயரம் 172, வயசு 28. விடை 1780. அதாவது நான் படுக்கையை விட்டு எழுந்திருக்காமலே கிடந்தாலும் இதயம், மூளை, கிட்னி எல்லாம் ஓட இவ்வளவு வேணும். ஆபீஸ் வேலை, வாரம் மூணு நாள் ஜிம்னா இதை 1.375-ஆல பெருக்கணும். கிட்டத்தட்ட 2450.

நான் சாப்பிட்டது 1200. சும்மா கிடக்கிறதுக்கான செலவுக்கே பத்தல! தினம் 1250 துண்டு. பாதி சம்பளத்துல குடும்பம் நடத்துன கதை.

1944-45-ல அமெரிக்காவுல மினசோட்டா பல்கலைக்கழகத்துல ஆன்செல் கீஸ்னு ஒரு விஞ்ஞானி 36 ஆரோக்கியமான இளைஞர்களை வச்சு பட்டினியைப் பத்தி ஆராய்ச்சி பண்ணார். ஆறு மாசம் அரைப்பட்டினி, கூடவே வாரம் 35 கிலோமீட்டர் நடை. எப்பவும் குளிர், சோர்வு, எரிச்சல், ராப்பகலா சாப்பாட்டு நெனப்பு. சிலர் சமையல் புஸ்தகத்தை கதைப் புஸ்தகம் மாதிரி படிச்சாங்களாம். அந்த "பட்டினி"யோட அளவு என்ன தெரியுமா? தினம் சுமார் 1570 கலோரி. நான் அதையும் விட கம்மி. ராத்திரி ரெண்டு மணிக்கு உக்காந்து பரோட்டா வீடியோ பாத்ததுக்கு காரணம் அப்பதான் புரிஞ்சுது.

என் கட்சி இதுதான். துண்டு விழணும், இல்லேன்னா கொழுப்பு கரையாது. ஆனா வரவேண்டியதுல அஞ்சுல ஒரு பங்குக்கு மேல வேண்டாம். எனக்கு அது தினம் 500. ஒரு கிலோ கொழுப்புன்னா சுமார் 7700 கலோரி. அப்போ வாரத்துக்கு அரை கிலோவுக்கு கொஞ்சம் கம்மி. மெதுவுதான், ஆனா நிக்கும். ஜிம் போறவன் ரொம்ப கம்மியா தின்னா கொழுப்போட சேர்ந்து தசையும் போயிடும். தூக்குன டம்பெல் எல்லாம் வீண்.

நான் விழுந்த இன்னொரு குழி. டிரெட்மில் "400 கலோரி எரிச்சிட்ட"ன்னு காட்டும். உடனே அந்த 400-ஐ சாப்பாட்டுல சேத்துக்குவோம். ஆனா 1.375-ஆல பெருக்கும்போதே உடற்பயிற்சியை எண்ணியாச்சு. ஒரே செலவை ரெண்டு தடவை எழுதுற பக் இது. போதாததுக்கு அந்த மெஷின் பல சமயம் கூட்டியே சொல்லும். இந்தப் பக்கம், தாளிக்கிற எண்ணெயை யாரும் எண்ணுறதில்ல. ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய் 120 கலோரி!

இப்போ 1950 கலோரி சாப்பிடுறேன். சாதத்தை பாதியாக்கி சுண்டல், முட்டை, மீன்னு புரதத்தை ஏத்திட்டேன். ஒரு கிலோ எடைக்கு 1.6 கிராம் வரைக்கும் போகலாம். எடை நாளுக்கு நாள் ஆடும், அதனால வார சராசரிதான் பாக்குறேன். நாலு கிலோ குறைஞ்சா மறுபடி கணக்கு. தலைசுத்தல், தூக்கமில்லாமை, போன வாரம் தூக்குன வெயிட்டை இந்த வாரம் தூக்க முடியலைன்னா துண்டு பெருசா விழுதுன்னு அர்த்தம். அன்னிக்கு கூட ரெண்டு தோசை. குத்த உணர்ச்சி எல்லாம் கிடையாது.

அஞ்சு மாசத்துல அஞ்சரை கிலோ. தொப்பை முழுசா போகல. அத்தைகிட்ட பழைய போட்டோவையே அனுப்பச் சொல்லிட்டேன். தொப்பையாச்சும் குறைஞ்சுக்கிட்டு வருது, நெத்தித் தழும்பு போகாது போல :-)

டிஸ்கி: சர்க்கரைக்கு மாத்திரை, இன்சுலின் எடுக்குறவங்க, கர்ப்பிணிகள், வளர்ற பசங்க இந்தக் கணக்கை தாங்களா போடாதீங்க. டாக்டரைப் பாத்துட்டு அப்புறம் சாப்பாட்டுல கை வைங்க.