ஊசி போடுபவரெல்லாம் டொக்டரா?

இடம்பெயர்ந்து வந்து, பிறர் காணியில் கூலிக்குக் களை பிடுங்கிச் சீவிக்கும் ஒரு தாயை அண்மையில் சந்தித்தோம். முழங்கால் நோவுக்கென்று, வீடு தேடி வரும் ‘டொக்டர்’ கொடுத்த குளிசைகளை மாதக்கணக்கில் விழுங்கியிருக்கிறார். நோவு உடனே விட்டது. பின்னர் முகம் ஊதியது. சீனி வியாதியும் கண்டது. அது ஸ்டீரோய்ட் குளிசை என்பது ஆஸ்பத்திரியில்தான் தெரிந்தது. அதை நெடுநாள் எடுத்தால் எலும்பு பலவீனமடையும். திடீரென நிறுத்தினாலோ உயிருக்கே ஆபத்து. கொடுத்தவர் ஒரு காலத்தில் மருந்துக்கடையில் வேலைக்கு நின்றவர். அவருடைய படிப்பு அவ்வளவுதான்.

“முறைப்பாடு செய்யவில்லையா அம்மா?” என்று கேட்டோம். “ஐயோ பாதர், மருந்து வாங்கினது நான்தானே, என்னையும் எல்லோ பிடிப்பாங்கள்” என்றார்.

இந்தப் பயம் பிழையானது. 1927ஆம் ஆண்டின் மருத்துவக் கட்டளைச் சட்டப்படி, இலங்கை மருத்துவ சபையில் பதியாத ஒருவர் பணத்துக்காக ஆங்கில வைத்தியம் செய்வதும், பதிந்தவர்போல நடிப்பதும் குற்றமாகும். அவருடைய அசட்டையால் ஓர் உயிர் போனால், தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவின்படி 5 வருடம் வரை சிறை செல்ல நேரிடும். குற்றவாளி வைத்தியம் செய்தவரே; ஏமாந்த நோயாளி அல்லர்.

எமது பரியாரிமாரை நாம் குறைசொல்வதாக எவரும் எண்ண வேண்டாம். சித்த வைத்தியத்துக்கு 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டத்தில் இடமுண்டு. அதற்கென ஒரு மருத்துவ சபையும் பதிவும் உண்டு. ஆனால் ஆங்கிலக் குளிசையை இடித்துச் சூரணத்தில் கலந்து கொடுப்பவர் எந்தப் பதிவுக்குள்ளும் ஒளிக்க முடியாது.

சட்டம் மட்டும் போதுமா? ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒருநாள் கூலி போய்விடும். பஸ்ஸும் நேரத்துக்கு வராது. ஊசிக்காரரோ வாசலுக்கே வருகிறார், கடனுக்கும் தருகிறார். ‘நல்ல மனுசன்’ என்று ஊரே அவரை மறைக்கிறது. (முகாம் நாட்களில் இப்படியான ஒருவருக்கு நாமே மேசை போட்டுக் கொடுத்ததும் உண்டு. அன்று வேறு வழி தெரியவில்லை. என்றாலும் அது பிழைதான்.) மாதத்தில் இரண்டு நாளாவது நடமாடும் கிளினிக் எமது குடியேற்றங்களுக்கு வராதவரை, ஒருவரைப் பிடித்துக் கொடுத்தால் இன்னொருவர் வருவார். இதனைச் சுகாதாரப் பகுதியினரிடம் கேட்பது எமது உரிமை.

அதுவரை, மருந்து தருபவரிடம் பதிவிலக்கத்தைக் கேளுங்கள். குளிசையின் பெயரைத் துண்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுப்பவரிடம் வாங்க வேண்டாம். வெறும் உறையையும் எறிந்துவிடாதீர்கள், அதுவே சாட்சி.

அந்தத் தாய் இப்போது கிளினிக்கில் சொன்னபடி குளிசையைச் சிறிது சிறிதாகக் குறைத்து வருகிறார். ஊசிக்காரர் இன்னமும் சனிக்கிழமைகளில் மோட்டார் சைக்கிளில் வந்து போகிறார். நாம் எழுதிக் கொடுத்த முறைப்பாட்டில் இதுவரை அந்தத் தாயின் கையொப்பம் மட்டுமே இருக்கிறது.