விசில் சிறுவனுக்கு, வேகம் லாரிக்கா?

மாணவன் கையில் விசிலைக் கொடுத்துவிட்டோம், மார்பில் பட்டையை மாட்டிவிட்டோம், இனிப் பள்ளி வாசலைப் பற்றிப் பயமில்லை என்று பெருமூச்சு விடும் பெரியோர்களே, ஒன்று கேட்கிறோம். திருநெல்வேலியிலிருந்து இராசபாளையம் நோக்கிச் சங்கரன்கோவிலுக்குள் சீறிவரும் லாரி, அந்த விசிலுக்கு ஏன் நிற்க வேண்டும்? போக்குவரத்தைச் சீர்செய்யும் காவலரின் கட்டளைக்குப் பணியச் சொல்கிறது, 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம். பதின்மூன்று வயதுப் பாலகனின் கைக்கு அந்த வலுவை அது தரவில்லையே!

சென்னையில் போக்குவரத்துப் போலீசார் பள்ளி மாணவரைக் கொண்டு சாலைப் பாதுகாப்புப் படை நடத்துகின்றனர். நல்ல முயற்சி, பழிக்கமாட்டோம். ஆனால் இதன் பிறப்பைப் பாருங்கள். 1920இல் அமெரிக்காவில் இதற்கு வித்திட்டவர்களுள் ஒருவர் சிக்காகோ மோட்டார் சங்கத்தின் தலைவர். ஆம், மோட்டார்காரர் சங்கம்! கார் ஏறிக் குழந்தைகள் மாண்டனர், காரோட்டுவோர் மனமிரங்கினர், காவல் வேலையோ குழந்தைகள் தோளில் ஏறிற்று! அந்த அமெரிக்காவிலேயே நாளடைவில் வகுத்த விதி என்ன? படை மாணவர் உடன் வரும் பிள்ளைகளை ஓரத்தில் நிறுத்தலாம். வண்டிகளை நிறுத்த இறங்கக்கூடாது.

பிரிட்டன் வேறு வழி கண்டது. 1953இல் சட்டமே இயற்றிற்று. வளர்ந்த ஆணோ பெண்ணோ, வட்டப் பலகை பொருத்திய கம்போடு பள்ளியருகே சாலையில் நிற்பார். பலகை உயர்ந்தால் வண்டி நின்றாக வேண்டும், நிற்காதவன் குற்றவாளி. பிரபுவின் காரானாலும் சரிதான்!

நம் நாட்டிலோ ஆயுதபூசையன்று சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்குகிறார்கள், விபத்து விலகுமாம். நடுவீதியில் உடைத்த பூசணியில் சறுக்கி விழுபவன் பாடு யாருக்குத் தெரியும்?

காரில் வந்திறங்கும் செல்வர் வீட்டுச் செல்லத்துக்காக நாம் வாதாடவில்லை. விசைத்தறி ஓட்டும் தொழிலாளியின் மகள், பூக்கட்டும் தாயின் மகன், தம்பியின் கையைப் பிடித்து நடந்துவரும் அக்காள்: இவர்களுக்காகவே கேட்கிறோம். பள்ளிதோறும் காலையில் ஒரு மணி, மாலையில் ஒரு மணி நிற்க, கூலி கொடுத்து ஆள் வையுங்கள். அந்த ஊர்த் தாய்மாருக்கே அவ்வேலையைத் தாருங்கள். அவர்கள் தூக்கும் பலகைக்குச் சட்ட வலு தாருங்கள்.

பணமில்லை, ஆளில்லை என்பார்கள். ஆடித்தபசு வந்தால் ஊர்ப் போக்குவரத்தையே திருப்பிவிட ஆள் கிடைக்கிறதே, அது எப்படி?