ஆறாத புண்ணும் கொலாஜன் துகளும்



கிளிநொச்சிப் பக்கம் ஓர் அக்கா. 2009இல் முழங்காலுக்குக் கீழே ஒரு காலை இழந்தவர். செயற்கைக் காலோடுதான் தோட்ட வேலைக்குப் போகிறார். அண்மையில் வீட்டுக்குப் போனபோது ஒருவித மணம். கேட்டேன். தயங்கித் தயங்கிக் காட்டினார். செயற்கைக் கால் உரசிய இடத்தில் புண். மேலே கோப்பித்தூள் அப்பியிருந்தது.

“ஒருநாள் விட்டு ஒருநாள் மருந்து கட்ட வரச் சொல்லுகினம், தங்கச்சி. போனா அண்டைக்குச் சம்பளம் இல்லை.”

நான் படித்தது சமூகவியல், வைத்தியம் அல்ல. என்றாலும் அந்தப் பேச்சுத்தான் என்னைத் தேடி வாசிக்க வைத்தது.

கொலாஜன் என்பது தோலையும் எலும்பையும் தாங்கி நிற்கும் புரதம். உடம்பிலுள்ள புரதத்தில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு இதுதான். காயம் ஆறும்போது உடம்பு புதிய கொலாஜனை உண்டாக்கியே பள்ளத்தை நிரப்புகிறது. நாட்பட்ட புண்ணிலோ கொலாஜனை அரிக்கும் நொதியங்கள் அளவுக்கு மிஞ்சிவிடுகின்றன. கட்டக் கட்ட இடிபடுகிறது.

அந்த அரிப்பையே பயன்படுத்தப் பார்க்கிறார்கள் ஆய்வாளர்கள். மாட்டுத் தோல், மீன் தோல் போன்றவற்றிலிருந்து எடுத்த கொலாஜனைக் கண்ணுக்குத் தெரியாத நனோ துகள்களாக்கி, உள்ளே மருந்தை வைக்கிறார்கள். ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஒரு நனோமீற்றர். புண்ணின் நொதியம் துகளை அரிக்க அரிக்க, மருந்து கொஞ்சங் கொஞ்சமாக அந்த இடத்திலேயே கசியும். அப்படியானால் கட்டு மாற்றும் நாட்கள் குறையலாம். அக்காவுக்கு அதுதானே பெரிய விடயம்!

ஆனால் இத்துகள்கள் பெரும்பாலும் இன்னும் ஆய்வுகூடத்திலும் விலங்குகளிலுமே சோதிக்கப்படுகின்றன. துகளாக அல்லாமல், ஜென்டமைசின் மருந்து சேர்த்த கொலாஜன் பஞ்சு பல நாடுகளில் சத்திரசிகிச்சையில் பாவிக்கப்படுகிறது. புண்ணுக்கான கொலாஜன் கட்டுகளும் உண்டு, மலிவல்ல. சில பன்றியிலிருந்தும் எடுக்கப்படுவன. மாட்டையோ பன்றியையோ விலக்குகிறவர்கள் கட்டுமுன் கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை.

“காத்துப் பட்டாத்தானே காயும்?” என்றார் அக்கா. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். 1962இல் ஜோர்ஜ் வின்டர் என்பவர் பன்றிகளில் செய்த ஆய்வில், மூடி ஈரப்பதனோடு வைத்த காயத்தில், காற்றில் காயவிட்டதைவிட ஏறக்குறைய இரு மடங்கு வேகமாகத் தோல் வளர்ந்தது.

கோப்பித்தூளைக் கொதித்தாறிய நீரால் கழுவி, சுத்தமான துணியால் மூடினோம். புண் ஆறும்வரை செயற்கைக் காலைப் போட வேண்டாமென்றேன்.

“கழட்டி வைச்சா ஆர் தண்ணி அள்ளுறது?”

பக்கத்து வீட்டுப் பிள்ளை அள்ளித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். கிளினிக் நாட்களின் ஓட்டோக் காசை மாதர் சங்கம் பார்த்துக்கொள்ளும். போகும் சம்பளத்துக்கு இன்னும் வழி கிடைக்கவில்லை. செவ்வாய்க்கிழமை நானும் கூடப் போகிறேன்; சீனி வருத்தம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.